புரவலர் வாயிலிலிருந்து உலக மேடைக்கு: மேற்கு இராஜஸ்தான் இசைக்குடிகளும் கோமல் கோத்தாரியின் ஆய்வுப் பணியும்

முன்னுரை

இந்திய விடுதலைக்குப் பிந்தைய நாட்டுப்புறவியல் வரலாற்றைப் பாடல்களைத் தொகுத்த வரலாறாகவே பெரும்பாலோர் எழுதியுள்ளனர். எத்தனை பாடல்கள் திரட்டப்பட்டன, அவை எவ்வாறு வகைப்படுத்தப்பட்டன, எந்தெந்த நூல்கள் வெளிவந்தன என்பனவே அவ்வரலாற்றின் பொருளாக அமைந்தன. பாடியவர் யார், அவர் எவ்வுரிமையால் பாடினார், பாடியதற்கு என்ன பெற்றார், பாடல் அச்சேறிய பின்னர் அவர் வாழ்வில் என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. இப்போக்கிற்கு மாறாக, பாடலைத் தேடிச் சென்று பாடகனைக் கண்டு, பாடகன் வழியாக அவன் குடியையும் அக்குடியைத் தாங்கி நின்ற சமூக அமைப்பையும் அறிந்துகொண்ட ஆய்வாளர் சிலரே. அவருள் தலையாயவர் இராஜஸ்தான் மாநில நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோத்தாரி (1929–2004).

மேற்கு இராஜஸ்தானின் லங்கா, மாங்கணியார் என்னும் இரு இசைக்குடிகளைக் கோத்தாரியும் அவர்தம் ரூபாயண் நிறுவனமும் வெளியுலகிற்கு அறிமுகப்படுத்திய வரலாற்றை ஆராய்வதும், அவ்வறிமுகம் அக்குடிகளின் வாழ்வில் விளைத்த நன்மை தீமைகளை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். கலையைக் காத்தலும் கலைஞரைக் காத்தலும் ஒன்றா என்னும் வினா இக்கட்டுரை முழுதும் அடிநாதமாக அமைகிறது.

பாலைநிலமும் இசைக்குடிகளும்

ஜோத்பூருக்கு மேற்கே பாகிஸ்தான் எல்லை வரை பரந்து கிடப்பது தார்ப் பாலைவனம். ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பெரும்பகுதியில் ஆண்டு மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பும் கால்நடையுமே வாழ்வாதாரம். பஞ்சம் அடிக்கடி வந்துபோகும் இந்நிலத்தில் இசையையே குலத்தொழிலாகக் கொண்ட குடிகள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன என்பது முதற்பார்வையில் வியப்பளிக்கக்கூடியது.

இக்குடிகளுள் மாங்கணியார் பெரும்பாலும் பார்மேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் வாழ்கின்றனர். லங்காக்கள் பார்மேர், ஜோத்பூர் மாவட்டங்களில் மிகுதியாக உள்ளனர். இரு குடியினரும் இஸ்லாமியர். எனினும் மாங்கணியாரின் புரவலருள் பெரும்பாலோர் இந்துக்கள். அவருள்ளும் பாட்டி இராஜபுத்திரர் முதன்மையானவர். லங்காக்களின் புரவலர் சிந்தி சிப்பாய்கள் எனப்படும் இஸ்லாமிய மேய்ச்சற்குடியினர் ஆவர். மாங்கணியார் தம் புரவலர் இல்லத்தில் கண்ணன் பிறப்பையும் தேவியின் பெருமையையும் பாடுவர். சூஃபி ஞானியரின் பாடல்களையும் அதே குரலில் பாடுவர். சமய எல்லைகள் கறாராக வகுக்கப்படுவதற்கு முற்பட்ட சமூக உறவொன்றின் எச்சமாக இதனைக் கருதலாம்.

இசைக்கருவிகளாலும் இக்குடிகள் வேறுபடுகின்றன. மாங்கணியாரின் தனிக்கருவி கமாய்ச்சா. வட்டமான குடத்தின் மீது ஆட்டுத்தோல் போர்த்து, நரம்பு கட்டி, வில்லால் இழைத்து வாசிக்கப்படும் இக்கருவியின் ஒலி ஆழமும் கரகரப்பும் உடையது. இரு கைகளிலும் இவ்விரு மரத்துண்டுகளைப் பிடித்துத் தட்டும் கர்த்தால், டோலக் ஆகியன தாளக்கருவிகள். லங்காக்களுள் சாரங்கியா லங்கா, சுர்ணாயா லங்கா என இரு பிரிவுகள் உண்டு. முன்னவர் சிந்தி சாரங்கியை இசைத்துக்கொண்டே பாடுவர். பின்னவர் சுர்ணாய், முரளி, சதாரா முதலிய துளைக்கருவிகளை வாசிப்பர். மரபுப்படி அவர்கள் பாடுவதில்லை. நம் கருநாடக இசை மேடையில் முகர்சிங் என வழங்கும் கருவியோடு ஒத்த மோர்சங் இப்பகுதியிலும் பயில்கிறது.

இவர்தம் இசையை ‘நாட்டுப்புற இசை’ என்னும் ஒற்றைச் சொல்லால் அடக்குதல் பொருந்துமா என்பதும் எண்ணத்தக்கது. ஸோரட், மாரு, ஸாமேரி முதலாகத் தமக்கெனப் பெயரிட்டு வழங்கும் இராகங்கள் இவர்களிடம் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்தே வீட்டிலும் விழாவிலும் கேட்டுக் கற்கும் முறை உண்டு. எழுத்து வழிப்பட்ட இலக்கணம் இல்லை என்பதொன்றே இதனைச் செவ்விசையிலிருந்து பிரிக்கும் கோடாகக் காட்டப்பட்டுவந்தது.

புரவலர் முறை

இவ்விசை மரபின் உயிர்நாடி ‘ஜஜ்மானி’ எனப்படும் புரவலர் முறையாகும். இம்முறையை இரவலர் இரக்க, புரவலர் இரங்கி ஈவது என எளிமைப்படுத்திவிடுதல் பிழையாகும். இஃது உரிமையும் கடமையும் பின்னிய பரம்பரை உறவு.

ஒவ்வோர் இசைக்குடும்பத்திற்கும் இன்ன இன்ன புரவலர் குடும்பங்கள் என்னும் வரையறை உண்டு. நிலம்போலவே இவ்வுரிமையும் தந்தையிடமிருந்து மக்களுக்குச் செல்லும். உடன்பிறந்தார் பாகம் பிரிக்கும்போது புரவலர் குடும்பங்களும் பங்கிடப்படும். புரவலர் வீட்டில் குழந்தை பிறப்பின், மணம் நிகழின், இசைஞன் சென்று பாடுதல் கடமை. அதற்குரிய ‘நேக்’ எனப்படும் முறைமைப் பொருளைப் பெறுதல் உரிமை. தானியம், ஆடு, ஒட்டகம், பணம் எனப் புரவலர் தகுதிக்கேற்ப அது அமையும். புரவலர் குலத்தின் வழிமுறையை ஓதும் ‘சுப்ராஜ்’ என்னும் வாழ்த்துரை மாங்கணியாரின் சிறப்புரிமை. ஆகவே இசைஞன் பாடகன் மட்டுமல்லன். குலவரலாற்றின் காப்பாளனும் ஆவான். எழுதப்படாத ஆவணக் காப்பகம் அவன் நினைவிலேயே இயங்கியது.

இவ்வுறவில் கவனிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. முறைமை தவறிய புரவலரை இசைஞன் முறைப்படி விலக்கிவிடலாம். அவ்வாறு விலக்கிவிடின், பிணக்குத் தீரும்வரை அக்குடியைச் சேர்ந்த வேறெவரும் அப்புரவலர் வீட்டில் பாடார். பாடகரில்லாத திருமணம் புரவலருக்கு இழிவு. எனவே தாழ்த்தப்பட்ட நிலையில் இருந்தவரிடமும் ஒரு படைக்கலம் இருந்தது. மாங்கணியார் பற்றிய தம் ஆய்வில் கோத்தாரி இக்கூறுக்குச் சிறப்பிடம் தந்துள்ளார். இரவலர் என்று உலகம் எண்ணியவரை உரிமையாளராக அவர் கண்டார் என்பதே இதன் உட்பொருள்.

எனினும் இம்முறையைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தலும் ஆகாது. இசைஞர் புரவலரோடு சமமாக அமர்ந்ததில்லை. ‘மாங்கணியார்’ என்னும் பெயரே ‘மாங்க்னா’, அதாவது இரத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது என்பது பெருவழக்கான விளக்கம். குடிப்பெயரிலேயே இழிவைத் தாங்கிய ஒரு சமூகத்தின் கலை என்பதை மறந்து அவ்விசையின் இனிமையை மட்டும் பேசுதல் முழுமையான ஆய்வாகாது.

குலைந்த அடித்தளம்

விடுதலைக்குப் பின் இவ்வமைப்பின் அடித்தளம் குலையத் தொடங்கியது. 1949இல் இராஜபுதனத்து அரசுகள் ஒன்றிணைக்கப்பட்டுப் புதிய மாநிலம் உருவாயிற்று. 1952ஆம் ஆண்டின் இராஜஸ்தான் நிலச் சீர்திருத்தம் மற்றும் ஜாகீர் மீட்புச் சட்டம் ஜாகீர்தார்களின் நிலவுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உழவர்க்கு விடிவு தந்த இச்சட்டம், ஜாகீர்தாரை அண்டி வாழ்ந்த இசைஞரின் வருவாயைச் சுருக்கியது. ஒரு நீதி பிறந்தபோது அதன் நிழலில் ஓர் இழப்பும் நேர்ந்தது; அவ்விழப்பிற்கு ஈடு யாதும் எண்ணப்படவில்லை.

இரண்டாவது காரணம் எல்லைக்கோடு. பிரிவினைக்கு முன் தார்ப் பகுதியும் சிந்துப் பகுதியும் ஒரே பண்பாட்டு வெளியாக இருந்தன. உறவினரும் புரவலரும் பாடற்பொருளும் இருபுறமும் பரவியிருந்தனர். 1965ஆம் ஆண்டுப் போரின்போது முனாபாவ் வழியாகச் சிந்துவுக்குச் சென்ற தொடர்வண்டிப் போக்குவரத்து நின்றது. அது 2006இல் ‘தார் எக்ஸ்பிரஸ்’ என மீண்டும் தொடங்கி 2019இல் மறுபடியும் நிறுத்தப்பட்டது. சிந்தியக் காதற்கதைகளையும் ஷா அப்துல் லத்தீஃபின் பாடல்களையும் பாடும் இசைஞருக்கு அப்பாடல்களின் ஊற்றுநிலம் அயல்நாடாயிற்று.

இச்சூழலில் நடுவணரசு 1953இல் சங்கீத நாடக அகாதெமியைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே குடியரசு நாளையொட்டிய நாட்டுப்புற நடன விழாவும் தில்லியில் தொடங்கியது. நாட்டுப்புறக் கலை தேசிய ஒருமைப்பாட்டின் அடையாளமாக முன்னிறுத்தப்பட்டது. ஆனால் வண்ண ஆடையும் கூட்டு நடனமுமே அவ்விழாக்களில் சிறப்பிடம் பெற்றன. ஒரு பாடலை நெடுநேரம் விரித்துப் பாடும் தனிக்குரலுக்கும் கமாய்ச்சாவுக்கும் அவ்வணிவகுப்பில் இடமில்லை.

போருந்தாவில் தொடங்கிய பணி

கோத்தாரியின் பணியை அவர்தம் நண்பர் விஜய்தான் தேத்தாவிடமிருந்து (1926–2013) பிரித்துப் பேச இயலாது. ஜோத்பூர் மாவட்டத்துப் போருந்தா என்னும் சிற்றூரில், வழிவழியாகப் பாவலராய் விளங்கிய சாரணர் குடியில் தோன்றியவர் தேத்தா. இருவரும் 1953இல் ‘பிரேரணா’ என்னும் இதழைத் தொடங்கி நாட்டுப்புறப் பாடல்களை வெளியிட்டனர். 1960இல் போருந்தாவிலேயே ரூபாயண் நிறுவனத்தை நிறுவினர். தலைநகரிலோ பல்கலைக்கழக வளாகத்திலோ அன்றி, சிற்றூர் ஒன்றில் ஆய்வு நிறுவனம் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தகவலாளியைத் தேடி ஆய்வாளர் செல்வதன்று. தகவலாளியின் ஊரிலேயே ஆய்வாளர் வாழ்வது என்னும் நெறி அங்கு உருப்பெற்றது.

தேத்தா கதைகளை மேற்கொண்டார். ஊராரிடம் கேட்ட கதைகளை இராஜஸ்தானி மொழியில் ‘பாதான் ரீ புல்வாரி’ எனப் பதினான்கு தொகுதிகளாக எழுதினார். 1974இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர்தம் கதையொன்றைத் தழுவி மணி கௌல் இயக்கிய ‘துவிதா’ (1973) போருந்தாவிலேயே படமாக்கப்பட்டது. கோத்தாரி இசையை மேற்கொண்டார். அவர் தேத்தாவைப்போல் நூல்களை மிகுதியாக எழுதியவரல்லர். ஊர் ஊராகச் சென்று, கேட்டு, ஒலிப்பதிவு செய்து, வந்தவர்க்கெல்லாம் வாய்மொழியாக எடுத்துரைத்தவர். எழுத்தறிவின்மை அறியாமையன்று என்னும் அவர்தம் கொள்கைக்கு அவர் வாழ்வே சான்றாயிற்று. பிற்காலத்தில் அவருடன் நிகழ்த்திய உரையாடல்களை ருஸ்தம் பரூச்சா தொகுத்து 2003இல் நூலாக்கினார். வாய்மொழி வழக்காற்றின் ஆய்வாளரைப் பற்றிய முதன்மை நூலும் வாய்மொழி வரலாறாகவே அமைந்தது பொருத்தமே.

பாடலிலிருந்து பாடகனுக்கு

கோத்தாரியின் ஆய்வு வளர்ச்சியில் மூன்று நிலைகளைக் காணலாம்.

முதல் நிலை பாடற்சொல்லைத் தொகுத்தல். பல மொழிகளிலும் அக்காலத் தொகுப்பாளர் மேற்கொண்ட பணியே இது. சொல் மட்டும் தாளில் ஏறியது. பண்ணும் பாடுவோரும் வெளியே நின்றனர்.

இரண்டாம் நிலை பாடகரை அறிதல். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் லங்கா, மாங்கணியார் இசைஞரின் தொடர்பு கோத்தாரிக்குக் கிட்டியது. இல்லங்களில் பெண்டிர் பாடும் பாடலும் தொழில்முறை இசைஞர் பாடும் பாடலும் ஒரே பாடலாயினும் வெவ்வேறு மரபுகள் என்பதை அவர் உணர்ந்தார். ஒலிப்பதிவுக் கருவி இந்நிலையில் இன்றியமையாததாயிற்று.

மூன்றாம் நிலை, பாடகரைத் தாங்கும் சமூகத்தையும் நிலத்தையும் அறிதல். யாருடைய புரவலர் யார், எந்தக் கருவியை எந்தத் தச்சர் செய்கிறார், எந்தச் சடங்கில் எந்தப் பாடல் என்பனவெல்லாம் ஆய்வுப் பொருளாயின. இராஜஸ்தானை அரச எல்லைகளாலோ மாவட்டங்களாலோ பகுக்காமல் கம்பு, சோளம், மக்காச்சோளம் என உணவுத் தானியங்களின் அடிப்படையில் பண்பாட்டு மண்டலங்களாக அவர் பகுத்தது இந்நிலையின் விளைவாகும். நிலமும் பொழுதும் முதற்பொருளாகக் கொள்ளும் திணைக் கோட்பாட்டில் பழகிய தமிழறிஞர்க்கு இப்பகுப்பு எளிதில் விளங்கும்.

ஜோத்பூருக்கு அருகே மோகலாவாஸ் பகுதியில் அவர் உருவாக்க முனைந்த ‘அர்ணா ஜர்ணா’ என்னும் பாலைவன அருங்காட்சியகம் துடைப்பத்தை முதற்காட்சிப் பொருளாகக் கொண்டது. வாளும் கேடயமும் மணிமுடியும் நிறைந்த இராஜஸ்தானிய அருங்காட்சியகங்களிடையே துடைப்பம் இடம்பெற்றமை வேடிக்கையன்று. எப்புல்லால் எவர் செய்கிறார், எவர் பயன்படுத்துகிறார், எங்கே வைக்கிறார் என்னும் வினாக்கள் நிலம், சாதி, பால், நம்பிக்கை அனைத்தையும் தொட்டுச் செல்கின்றன. இசையை ஆராய்ந்த நெறியே இங்குப் பொருளின் மேல் செலுத்தப்பட்டது.

இவ்வாய்வு நெறியின் முதிர்ந்த பயனாக வெளிவந்தது டேனியல் நியூமன், சுபா சௌத்ரி ஆகியோர் கோத்தாரியுடன் இணைந்து உருவாக்கிய மேற்கு இராஜஸ்தான் இசை மரபுகளின் இனவரைவியல் நிலப்படத் தொகுப்பு. கோத்தாரி மறைந்து ஈராண்டு கழித்து, 2006இல் அது வெளிவந்தது. எவ்வூரில் எக்குடி, எக்கருவி, எப்புரவலர் என்பதை நிலப்படத்தில் காட்டும் இத்தகைய முயற்சி பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டத்தக்கது. கோத்தாரியின் தொடர்பு இராஜஸ்தானோடு நிற்கவில்லை. சென்னையில் 1997இல் தொடங்கப்பெற்ற தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையத்தின் அறங்காவலர் குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

மேடை தந்தது

புரவலர் முறை தளர்ந்த நிலையில் புதிய புரவலரைத் தேட வேண்டியிருந்தது. 1960களில் கோத்தாரி இவ்விசைஞரைத் தில்லி மேடைக்கு அழைத்துச் சென்றார். அப்பத்தாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய மேடைகளிலும் அவர்தம் குரல் ஒலித்தது. 1980களில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடைபெற்ற இந்திய விழாக்கள் இவ்வழியை அகலப்படுத்தின. டோனி காட்லிஃப் இயக்கிய ‘லாட்சோ ட்ரோம்’ (1993) என்னும் திரைப்படம் இராஜஸ்தான் பாலைவனத்து இசையோடு தொடங்குகிறது. 2006இல் ராய்ஸ்டன் ஏபல் உருவாக்கிய ‘தி மாங்கணியார் செடக்‌ஷன்’ என்னும் மேடையாக்கம், செந்திரையிட்ட அறைகளை அடுக்கடுக்காக அமைத்து இசைஞரை அவற்றுள் அமர்த்தி, பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. 2007 முதல் ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டையில் பன்னாட்டு நாட்டுப்புற இசைவிழா நடைபெறலாயிற்று.

அரசின் ஏற்பும் வந்தது. ஜெய்சல்மேர் மாவட்டத்து ஹமீரா ஊரைச் சேர்ந்த கமாய்ச்சாக் கலைஞர் சாகர்கான் 2012இலும், அன்வர்கான் 2020இலும், சிந்தி சாரங்கிக் கலைஞர் லாக்காகான் 2021இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இரத்தலைப் பெயரிற் கொண்ட குடியினர் நாட்டின் உயரிய விருதுப் பட்டியலில் இடம்பெற்றமை, கோத்தாரி தொடங்கிய பணியின் மறுக்கவொண்ணாப் பயன். இன்று ‘மாங்கணியார்’ என்னும் பெயரைப் பல கலைஞர் பெருமையோடு தம் பெயரின் பின்னொட்டாக வழங்குகின்றனர். இழிசொல் கலைப்பெயரானது சிறிய மாற்றமன்று.

மேடை எடுத்துக்கொண்டது

ஆயினும் மேடை புரவலரைப் போன்றதன்று. புரவலர்க்குப் பாடகரின் பாட்டனையும் தெரியும்; மேடை கலைஞரின் திறனை மட்டுமே அறியும். புரவலர் முறையில் குரல்வளம் குறைந்தவருக்கும் பங்குண்டு. மேடையோ சிலரையே தெரிந்தெடுக்கிறது. குடிக்கு உரியதாயிருந்த வாழ்வுரிமை தனிமனிதர் திறனுக்குரிய ஊதியமாக மாறியது. இம்மாற்றத்தின் விளைவுகளைப் பின்வருமாறு தொகுத்துக் காணலாம்.

முதலாவது, கருவியின் மாற்றம். வீட்டு முற்றத்திற்கேற்ற கமாய்ச்சாவின் ஒலி பெரிய அரங்கிற்கு ஈடுகொடுப்பதில்லை; கற்பதும் கடினம்; கருவி செய்வோரும் அருகினர். ஆர்மோனியம் அவ்விடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. குரலின் நுண்ணிய அசைவுகளைப் பின்தொடரும் வில்லிசைக் கருவி நீங்கி, நிலையான சுரங்களையுடைய கருவி வந்தமையால் பாடல்முறையே மாறும் நிலை ஏற்பட்டது. விரைந்த தாளமும் கைத்திறனும் கண்ணைக் கவருவதால் கர்த்தால் மேடையின் நடுவிடத்திற்கு வந்தது.

இரண்டாவது, பாடற்களஞ்சியம் சுருங்கியமை. பிறப்பு, மணம், பருவம், பொழுது எனச் சூழலுக்கேற்பப் பாடப்பட்ட பாடல்களுள் மேடைக்கேற்ற சிலவே மீண்டும் மீண்டும் பாடப்படுகின்றன. மணமகனை வரவேற்கும் பாடல் சுற்றுலாப் பயணியை வரவேற்கும் பாடலாயிற்று. குலவழி ஓதும் சுப்ராஜுக்கு மேடையில் கேட்போரில்லை. அதனை மறத்தல் என்பது ஒரு பாடலை மறத்தலன்று. ஓர் ஊரின் வரலாற்றை மறத்தலாகும்.

மூன்றாவது, பெண்டிர் நிலை. மாங்கணியார் பெண்டிரும் புரவலர் இல்லங்களில் பாடும் மரபினர். ஆனால் பொதுமேடை ஆடவர்க்கே உரியதாயிற்று. எதிர்ப்பினூடே மேடையேறிப் புகழ்பெற்ற ருக்மா பாய் (மறைவு 2011) அரிதான விதிவிலக்கு. ஆகவே உலகம் ‘மாங்கணியார் இசை’ என அறிந்தது அம்மரபின் ஒரு பாதியை மட்டுமே. கண்டறிதல் என்னும் செயலும் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வின் வழியே நிகழ்கிறது என்பதற்கு இது சான்று.

நான்காவது, உரிமைச் சிக்கல். மாங்கணியார் பாடிவந்த ‘நிம்பூடா’ பாடல் 1999இல் வெளிவந்த ‘ஹம் தில் தே சுகே சனம்’ திரைப்படத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. மரபுப் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத படைப்பிற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் காப்பும் இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 1994இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது. எனினும் அது குறிப்பிட்ட நிகழ்த்துதலைக் காக்குமேயன்றி, பாடலைத் தலைமுறைகளாகக் காத்துவந்த குடியின் உரிமையைக் காப்பதன்று. பாடல் செல்வம் சேர்த்தபோது பாடிய குடிக்கு அதில் பங்கு கேட்கும் வழி திறக்கவில்லை.

ஐந்தாவது, ஊரில் மாறாத நிலை. 2017 செப்டம்பரில் ஜெய்சல்மேர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் கோயிற் சடங்கில் பாடிய மாங்கணியார் பாடகர் ஒருவர், பாடல் உரிய பயனைத் தரவில்லை என்னும் குற்றச்சாட்டின் பேரில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அச்சம் மிகுந்த நிலையில் அவ்வூர் மாங்கணியார் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறி ஜெய்சல்மேர் நகரில் அடைக்கலம் புகுந்தன. அக்குடியின் இசைக்கு உலக அரங்குகள் கைதட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் நிகழ்ந்தது இது. பிணக்குற்ற புரவலரைப் பாடகர் விலக்கும் பழைய உரிமை தேய்ந்துவிட்டது. அதனிடத்தில் சட்டத்தின் காவல் ஊரளவில் முழுமையாக வந்து சேரவில்லை. மேடைப் புகழ் ஊர்ப்புறத்துச் சாதிப்படிநிலையைத் தானே மாற்றிவிடாது என்பதை இந்நிகழ்ச்சி கடுமையாக உணர்த்துகிறது.

மேலும் 2020இல் கொள்ளைநோய்த் தொற்றால் சுற்றுலாவும் விழாக்களும் நின்றபோது, மேடையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களின் வருவாய் ஒரே நேரத்தில் அற்றுப்போயிற்று. பல சிறு புரவலரை விட்டு ஒரே பெரும் புரவலரைச் சார்ந்ததன் இடர் அப்போது வெளிப்பட்டது.

சங்கப் பாணரும் தார்ப் பாலையின் இசைஞரும்

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழறிஞர்க்குச் சங்கப் பாணர் நினைவு வருதல் இயல்பே. யாழேந்திய பாணரும் கமாய்ச்சா ஏந்திய மாங்கணியாரும் ஒருமரபினர் எனத் துணிந்துவிடல் தகாது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஒப்பீட்டின் பயன் வேறிடத்தில் உள்ளது. ஆற்றுப்படைப் பாணன் புதிய புரவலனைத் தேடி வழிநடப்பவன். மாங்கணியாரோ பிறப்பிலேயே புரவலரை உரிமையாகப் பெற்றவர். ஆற்றுப்படை நமக்குக் காட்டுவது பெருவள்ளல் ஒருவரின் கொடைச்சிறப்பை. அன்றாட முறைமை, பங்கீடு, பிணக்கு, விலக்கு ஆகியவற்றை அவ்விலக்கியம் விரித்துரைப்பதில்லை.

க. கைலாசபதி தம் வீரநிலைக் கவிதை ஆய்வில் (1968) சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மையைக் கிரேக்க, ஐரிஷ் மரபுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். இந்தியாவினுள்ளேயே உயிரோடுள்ள ஒரு பாடுநர்–புரவலர் அமைப்பையும் அவ்வொப்பீட்டில் இணைத்துக் காண்பது, பாணர் வாழ்வு பற்றிய நம் வினாக்களைக் கூர்மையாக்கும். பாடியோர் பெற்ற பரிசிலைப் பேசும் நாம், பெறாதபோது அவர்க்கிருந்த வழி யாது என்றும் கேட்கத் தொடங்குவோம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. லங்கா, மாங்கணியார் குடிகள் எவராலும் ‘கண்டுபிடிக்கப்பட்டவை’ அல்ல. தம் புரவலரிடையே பல தலைமுறைகளாக நன்கறியப்பட்டவை. அவற்றை அறியாதிருந்தது நகரம். நகரத்தின் அறியாமை நீங்கியதே கண்டறிதல் எனப்பட்டது.

2. கோத்தாரியின் தனிச்சிறப்பு பாடலைத் தொகுத்ததில் மட்டுமன்று. பாடல், பாடகன், குடி, புரவலர், நிலம் என ஆய்வெல்லையை விரித்ததில் உள்ளது. இந்நெறி நாட்டுப்புறவியல் ஆய்வு அனைத்திற்கும் பொருந்துவது.

3. புரவலர் முறை இழிவையும் காப்பையும் ஒருங்கே கொண்டிருந்தது. மேடை இழிவைக் குறைத்தது. ஆனால் குடி முழுமைக்கும் இருந்த காப்பை ஈடுசெய்யவில்லை.

4. கருவி செய்வோர், பெண்டிர், மேடையேறாத முதியோர் ஆகியோரை உள்ளடக்காத ஆதரவு மரபின் மேற்பரப்பை மட்டுமே காக்கும்.

5. மரபுப் பாடலின் மீது குடிக்குள்ள கூட்டுரிமையும், பாடுவோரின் உயிர்ப்பாதுகாப்பும் கலையாதரவுத் திட்டங்களின் புறத்தே நிற்பனவல்ல. அவற்றின் உள்ளுறையாக வைத்தெண்ணத் தக்கவை.

ஒலிப்பதிவுகள் காப்பகங்களில் நிலைபெறலாம். இசையோ அதனைப் பாடும் வீடுகளில்தான் வாழும். அவ்வீடுகளின் அடுப்பும் கூரையும் அச்சமின்மையும் நாட்டுப்புற இசை ஆய்வின் பொருளாகும்போதுதான் கோத்தாரி போருந்தாவில் தொடங்கிய பணி தன் அடுத்த நிலையை எய்தும்.